அதே புட்டிதான், ஆனாலும் திட்டு தெரிகிறது

வேஷத்துக்காக ஃபோமில் செய்த தோள்கவசம். வளைவின் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு போய், அடியிலிருந்த கறுப்பு ஃபோம் கட்டைவிரல் அகலத்துக்குப் பல்லிளித்தது. மிச்சம் வைத்திருந்த அதே பெயிண்டை எடுத்து, பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்தேன். காய்ந்ததும் பார்த்தால், நைந்த சட்டைக்குப் புதுத் துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. புட்டி அதே புட்டி. அப்புறம் ஏன்?

முதலில், பூச்சு எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். ஓரங்களில் போவது பெரும்பாலும் உரசலால். கை வந்து இடிக்கும்போது, முழு விசையும் ஓரத்தின் மெல்லிய கோட்டில் விழுகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். இப்படித் தேய்ந்த இடத்தின் விளிம்பு மெல்ல மெல்ல மங்கிப்போயிருக்கும். முழங்கை, இடுப்பு மாதிரி வளைகிற இடங்களின் கதை வேறு. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோமை 5 சென்டிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால், அதன் வெளிப்பக்கம் சுமார் 10 சதவீதம் நீள்கிறது. ஃபோமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மேலே இருக்கிற பூச்சும் அதே அளவு நீண்டாக வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்க வேண்டும். அங்கே வளைவுக்குக் குறுக்கே வரி வரியாக விரிசல் தெரியும். பூச்சு தடிமனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இழுபடும்போது தடித்த படலத்துக்குள் அதிக ஆற்றல் சேர்கிறது, அந்த ஆற்றல்தான் அதை உரித்தெடுக்கிறது. விரிசலை அடைக்கிறேன் என்று கெட்டியாகப் பூசினால் அடுத்த முறை அந்த இடமே முதலில் பெயர்ந்து வரும்.

மூன்றாவது வகை, செதில் செதிலாக உரிவது. அடியில் ஃபோம் வழவழவென்று சுத்தமாக இருக்கும். இது தேய்மானம் இல்லை. பூச்சு முதலிலிருந்தே ஒட்டவில்லை. கவசம் செய்கிற ஈவிஏ ஃபோமின் (ரப்பர் போல நெளியும் பிளாஸ்டிக் ஃபோம்) மேற்பரப்பு எதையும் எளிதில் பற்றிக்கொள்ளாத ரகம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவாமல் முத்தாக நிற்கும். தண்ணீரில் கரைத்த பெயிண்டும் அப்படித்தான் ஒதுங்கப் பார்க்கும். அதோடு வியர்வையும் தோலின் எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அடியில் நெளியக்கூடிய ஒரு பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சு, தேவைப்படுகிறது. பழுதான இடத்தைச் சுற்றி செலோ டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். அதோடு வருவது எப்படியும் வரவிருந்ததுதான். இப்போதே வந்துவிட்டால் நல்லது.

சுத்தம் செய்யச் சோப்புத் தண்ணீர் போதும். நான் சாமர்த்தியமாக ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், பஞ்சு வெள்ளியாகிவிட்டது. நான் பூசியது அக்ரிலிக், தண்ணீரில் கலந்து வரும் பெயிண்ட் வகை. காய்ந்த அக்ரிலிக் தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹாலுக்கு இளகிவிடும். கவசம் ஃபோமில் இல்லாமல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருந்தால் அசிட்டோன் பக்கமே போகக்கூடாது. அது பெயிண்டோடு கவசத்தையும் கரைக்கும்.

சரி, இப்போது திட்டு. நம் கண் நிறத்தைவிட விளிம்பைத்தான் கூர்மையாகப் பிடிக்கிறது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில், இல்லாத ஒரு பளிச் பட்டையையும் கருமைப் பட்டையையும் கண் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் இதை 1865இல் விவரித்தார். இன்றும் அவை மாக் பட்டைகள்தான். பழைய பெயிண்ட் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் படி இருந்தாலும், மேலே எவ்வளவு சரியான நிறம் பூசினாலும், அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். ஆகவே நுண்ணிய உப்புத்தாளால் அந்தப் படியைச் சரிவாக்க வேண்டும். புதுப் பெயிண்டைக் கோடாக நிறுத்தாமல், ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி ஓரத்தில் கலைந்துபோக விடலாம்.

சாதாரண நிறங்களுக்கு இது போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஈர அக்ரிலிக் சற்றுப் பால் கலந்தது போல வெளிறித் தெரியும். தண்ணீரில் மிதக்கும் பாலிமர்த் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற வெளிறல் அது. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து தெளிந்த படலமாகின்றன; நிறம் அடர்ந்துவிடுகிறது. ஈரத்தில் பொருத்தம் பார்த்தவர் காய்ந்த பிறகு ஏமாறுவார். ஒரு துண்டு ஃபோமில் பூசி, காயவிட்டு, அதைக் கவசத்தின் மேல் வைத்துப் பார்ப்பதே வழி. அதையும் கவசம் எந்த வெளிச்சத்தில் மேடையேறுமோ அந்த வெளிச்சத்தில் பாருங்கள். பகலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயிண்டுகள் எல்ஈடி விளக்கின் கீழ் பிரிந்து நிற்கலாம்.

வெள்ளியும் தங்கமும்தான் படுத்துகிறவை. அந்தப் பெயிண்டில் இருப்பது வெறும் நிறமி அல்ல. அலுமினியமோ மைக்காவோ, பொடிப் பொடித் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஸ்பிரே செய்தால் ஒரு விதமாகப் படியும். பிரஷ் இழுத்தால் இழுத்த திசைக்கேற்பச் சாயும். என் தோள்கவசத்தை விளக்கின் கீழ் மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் திட்டு சுற்றியுள்ளதைவிடப் பளிச்சென்றது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் அதே திட்டு இருண்டது. நிறத்தை எவ்வளவு கலந்தாலும் இது தீராது. கார் பெயிண்டர்கள் மெட்டாலிக் நிறத்தில் ஒரு கீறலுக்கு முழுக் கதவையும் அடிப்பது ஏமாற்று வேலை இல்லை. கவசத்திலும் அப்படித்தான்: ஒரு பள்ளக் கோடோ ஆணி வரிசையோ வரும்வரை அந்தப் பகுதி முழுவதையும், முதலில் பூசிய அதே முறையில் பூச வேண்டும்.

கடைசியில் பளபளப்பு. சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடித்து நிறத்தை வெளுப்பாக்கும், வழவழப்பானது ஆழமாக்கும். ஆகவே வார்னிஷ் திட்டுக்கு மட்டும் இல்லை, முழுப் பாகத்துக்கும். மேட் வார்னிஷ் என்றால் நன்றாகக் கலக்கிக்கொள்ளுங்கள். மங்கலாக்கும் பொடி அடியில் தங்கியிருந்தால், மேட் கேட்ட இடத்தில் பளபளப்பு வந்து நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், ஓரத் தேய்மானத்தை நான் இப்போது முழுசாக மறைப்பதில்லை. நிஜ இரும்புக் கவசமும் ஓரத்தில் தேயும். ஆனால் அங்கே உலோகம் மின்னும், பஞ்சுபோன்ற கறுப்பு எட்டிப் பார்க்காது. சிவப்புக் கவசம் என்றால், ஃபோம் தெரிகிற இடத்தில் பிரைமரும் கொஞ்சம் வெள்ளியும் வைத்து, சிவப்பைக் கிழிசலாக அப்படியே விட்டுவிடுகிறேன். பிறகு பாகங்களை உடனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில்லை. தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் அக்ரிலிக் உள்ளே இன்னும் இளக்கமாக இருக்கும். வெயிலில் நின்ற காருக்குள் இரண்டு பாகங்கள் முகத்தோடு முகம் அழுந்திக் கிடந்தால், பிரிக்கும்போது ஒன்றின் பூச்சு மற்றொன்றோடு போய்விடும்.