பழைய வாழ்வின் பெயரால் வாங்கும் கடைசிக் கடன்

நொடித்துப்போன குடும்பங்களின் வழக்கு என்னிடம் வரும்போது, "கடைசியாக வாங்கிய கடன் எதற்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். தொழில் படுத்ததற்கு நூல் விலை ஏறியது, ஆர்டர் நின்றது, சரக்கு வாங்கியவர் பணம் தரவில்லை என்று பல காரணங்கள் இருக்கும். அவை பெரும்பாலும் அவர்கள் கையை மீறியவை. கடைசிக் கடன் அப்படியல்ல. தங்கை மகள் திருமணத்துக்குத் தாய்மாமன் சீர், அப்பா காலத்திலிருந்து விட்டுப்போகாத கோயில் கட்டளை என்று அதற்கு வேறு முகம். பத்துத் தறி ஓடிய நாளில் செய்ததை இரண்டு தறி ஓடும்போதும் குறைக்காமல் செய்திருப்பார்கள், அதுவும் மீட்டர் வட்டிக்கு வாங்கி.

இதை வீண் பகட்டு என்று திட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஊரே எழுந்து நின்று வணங்கிய மனிதருக்கு, "இந்த முறை முடியாது" என்று சொல்வது எளிதல்ல. ஆனால் நிலைமையை மறைக்கும் அந்த மாதங்களில்தான் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள். நிரப்பாமல் கொடுத்தாலும் கையெழுத்து உங்களுடையது என்றால், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் கருதும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான்.

வீட்டை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டு மஞ்சள் கடுதாசி, அதாவது நொடிப்பு மனு, கொடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் எங்கும் உண்டு. நம்பாதீர்கள். 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி, மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் உரிய விலையின்றிச் செய்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். கடைசி 3 மாதங்களில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததும் செல்லாமல் போகலாம்.

மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி எல்லாம் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு. பணக்கடன் தீர்ப்பை நிறைவேற்றும்போதும் தாலி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. உண்மையிலேயே வசதியற்றுப் போனவரைக் கடனுக்காக மட்டும் சிறைக்கு அனுப்பவும் முடியாது. இது தெரியாமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே கடைசிக் கடனுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதிய நோட்டு, ரசீது இல்லாவிட்டாலும், கையில் இருக்கட்டும். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். நீதிமன்றச் சம்மன் வீட்டுக்கு வந்த பிறகே கடனைப் பற்றி அறிந்துகொண்ட மனைவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.