பனிமலையில் விரல் விறைக்காமலிருக்க

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் போட்ட மீனைத் தெர்மாகோல் பெட்டியில் அடைக்கிறார்கள். தெர்மாகோலில் பெரும்பகுதி வெறும் காற்றுதான். குட்டிக் குட்டி அறைகளுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் வெளிச்சூடு ஐஸை எட்ட நேரமாகிறது. பனிச்சறுக்குக் கையுறையும் இதே வேலையைத்தான் திசை மாற்றிச் செய்கிறது: உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. அது தானாகச் சூடு தராது. சூடு ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்த ரத்தம்தான் பிரச்சினை. குளிர் ஏறினால் இதயத்தையும் மூளையையும் காக்க, விரல்களின் ரத்தக்குழாய்களை உடல் சுருக்கிவிடும். நெஞ்சும் முதுகும் குளிர்ந்திருந்தால் எவ்வளவு தடித்த கையுறையும் உதவாது. முதலில் நல்ல ஜாக்கெட்.

மார்கழியிலும் இதமாக இருக்கும் புதுச்சேரியிலிருந்து காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க் போகிறவர்கள், பைக் கிளவுஸே போதும் என்று எடுத்துப்போவதுண்டு. போதாது. கையோடு ஒட்டிய கிளவுஸில் காற்றுக்கு இடமில்லை. இறுக்கினால் ரத்த ஓட்டமும் குறையும். விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சறுக்கினால், மோதும் காற்றில் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். அதனால் காற்றுப் புகாத மேலுறை கட்டாயம்.

குளிரைவிட எனக்குப் பயம் ஈரத்தின் மேல்தான். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேடேறும்போது கை வியர்க்கும். அப்புறம் கோண்டோலா எனும் கேபிள் காரில் சும்மா உட்கார்ந்தால் அந்த வியர்வையே விரலை விறைக்க வைக்கும். பருத்தி உள்ளுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டவே வேண்டாம். கம்பளியோ பாலியஸ்டரோ நல்லது. கோர்-டெக்ஸ் போன்ற படலத்தின் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுத்து ஆவியை வெளியே விடும், ஆனால் கொட்டும் வியர்வைக்கு அதுவும் ஈடுகொடுக்காது. உள்ளுறையைத் தனியே கழற்றி இரவில் உலர்த்தும்படி இருப்பதையே நான் வாங்கச் சொல்வேன்.

மிட்டனா, ஐந்து விரல் கையுறையா? சூட்டுக்கு மிட்டன்தான். நான்கு விரலும் ஒரே அறையில் இருப்பதால் சூடு இழக்கும் பரப்பு குறைவு. ஜிப் போடுவதும் போன் எடுப்பதும்தான் சிரமம்.

விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியை வைத்து நிச்சயமாகத் தேய்க்காதீர்கள். உள்ளே போய், கையை அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். உணர்வும் நிறமும் திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.