சுமைச் சமநிலையா, சுமைப் பங்கீடா?

"சார், சமநிலை வரவே இல்லை" என்று பயிற்சிக்கு வந்த தம்பி திரையைக் காட்டினார். இரண்டு ஏஎஸ்/400 கணினிகள் (நிறுவனங்களுக்கான ஐபிஎம் கணினிகள்), அவற்றுக்கு நடுவே இரண்டு ஈதர்நெட் கம்பித் தடங்கள். முதல் தடத்தில் பைட் கணக்கு எகிறிக்கொண்டிருந்தது. இரண்டாவது தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய காப்புக் கோப்பு ஒன்று எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. பிழை அவர் கையில் இருந்த பாடக்குறிப்பில்: 'இணையான இணைப்புகளுக்கு இடையே சுமைச் சமநிலை ஏற்படும்.'

வேலைச் சுமையைப் பல தடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சிங் என்பதற்கு இந்தச் சுமைச் சமநிலையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் மூலச்சொல். பேலன்ஸ் என்பது லத்தீனின் பிலாங்க்ஸ் என்பதிலிருந்து வந்தது. இரண்டு தட்டுகள் கொண்டது, அதாவது தராசு. லோட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் முதலில் வழி, பயணம் என்ற பொருளில்தான் வழங்கியது. சுமை என்ற பொருள் பிறகு ஏறியது. தமிழில் சுமை, 'சும' என்ற வினையிலிருந்து வந்தது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. 'பளு' என்று எழுதுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இரண்டாவது பாதியில்தான். சமம் வடசொல், ஆகவே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று குறளிலேயே இருக்கிறது. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? என் குறை வேறு. சமநிலை என்பது ஒரு நிலை. வேலை முடிந்தபின் இருப்பது. பேலன்சிங் என்பதோ செய்யும் வேலை. சமநிலை என்று எழுதியதும், முடிவில் இரு தட்டும் நேராக நிற்கும் என்று வாசிப்பவர் எதிர்பார்க்கிறார். அந்தத் தம்பியும் அதைத்தான் எதிர்பார்த்தார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்ச் 'சுமைச் சமன்பாடு' என்று எழுதுகிறார்கள். சமன்பாடு கணக்குப் பாடத்தில் வருவது. அதில் எக்ஸ், ஒய் இருக்கும், ஈதர்நெட் இருக்காது.

சரி, 'சமன்செய்தல்' என்று வினையாக்கிவிட்டால் போதாதா? இலக்கணம் சரியாகிவிடும், செய்தி சரியாகாது. ஏனென்றால் அந்தக் கணினி எதையும் சமன்செய்வதில்லை. ஐபிஎம் 1988-இல் ஏஎஸ்/400-ஐ வெளியிட்டது. பிறகு ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர் மாறி, 2008 முதல் இயங்குதளத்துக்கு ஐபிஎம் ஐ என்று பெயர். (வேலை பார்ப்பவர்கள் வாயில் இன்னும் ஏஎஸ்400தான்.) அதில் ஒரே இடத்துக்கு இரண்டு வழிகளை எழுதிவைக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் 1 முதல் 10 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது 5. இரண்டு வழிக்கும் 5-க்கு மேல் ஒரே எண்ணைக் கொடுத்தால், புதிதாகத் தொடங்கும் தொடர்புகளை (கனெக்‌ஷன்களை) அது முறைவைத்து இந்தத் தடத்துக்கு ஒன்று, அந்தத் தடத்துக்கு ஒன்று என்று ஒதுக்கும். அவ்வளவுதான். ஒதுக்கிய தொடர்பு கனமா லேசா என்று பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு தடத்தில் ஏறிய தொடர்பு, முடியும் வரை அதே தடத்தில்தான் ஓடும். ஒரே தொடர்பின் தரவைப் பொட்டலம் பொட்டலமாகப் (பாக்கெட்) பிரித்து இரு தடத்திலும் அனுப்பினால் அவை முன்பின்னாகப் போய்ச் சேரும். பொட்டலங்களை வரிசைப்படுத்தும் எதிர்முனை டிசிபி மென்பொருள் அதைத் தொலைந்ததாக எடுத்துக்கொண்டு மறுபடி கேட்கத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரே கோப்பு ஒரே தடத்தில் போனது.

எடை பார்க்காமல் முறைவைத்துக் கொடுப்பதற்குத் தமிழில் பெயர் இல்லையா என்ன? பங்கிடுதல். பங்கு, 'பகு' என்ற வேரில் பிறந்தது. பங்கு சமமாகவும் இருக்கலாம், ஏறக்குறையவும் இருக்கலாம். ஒரு தடம் 1 கிகாபிட், மற்றது 100 மெகாபிட் என்றால், இரண்டிலும் சமமாக ஏற்றுவது சின்னத் தடத்தை மூச்சுத் திணறவைப்பதுதான். அங்கே வேண்டியது சமமில்லாத பங்கு. சமநிலை என்ற சொல் அதற்கு இடமே கொடுக்காது.

'சுமைப் பகிர்வு' என்று எழுதும் நண்பர்களும் உண்டு. அதுவும் 'பகு' குடும்பம்தான், நல்ல சொல்தான். ஆனால் இப்போது கோப்பைப் பகிர், படத்தைப் பகிர் என்று ஆகிவிட்டது. பகிர்ந்தபின் என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். பங்கிட்டால் அப்படி இல்லை. உங்களுக்குப் போனது எனக்கு இல்லை. தடத்துக்கு ஒதுக்கும் வேலை இந்த இரண்டாவது வகை. ஆகவே சுமைப் பங்கீடு.

அப்புறம், அந்தப் பாடக்குறிப்பின் அடுத்த வரி: 'ஒவ்வொரு இணைப்பும் ஓர் இணைப்பின் வழியே செல்லும்.' என்ன புரிகிறது? கனெக்‌ஷனும் இணைப்பு, லிங்கும் இணைப்பு, பேரலல் என்றால் இணை, இரண்டையும் சேர்த்துக் கட்டினால் மறுபடியும் இணைப்பு. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். லிங்குக்குத் தடம், கனெக்‌ஷனுக்குத் தொடர்பு என்று பிரித்துக்கொண்டால் குடியா முழுகிவிடும்? அதே தாளில் மிட்ரேஞ்ச் (பெரிய கணினிக்கும் சிறிய கணினிக்கும் இடைப்பட்ட ஏஎஸ்/400 போன்றவை) என்பது 'நடுத்தரக் கணினி' ஆகியிருந்தது. ஏதோ சுமாரான கணினி போல ஒலிக்கிறது. இடைநிலைக் கணினி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே!

ஆனால் ஒரு சொல்லை அவர்கள் கெடுக்காமல் விட்டிருந்தார்கள்: போக்குவரத்து. டிராஃபிக் என்பதைவிட இங்கே இது துல்லியம். மேலே சொன்ன முன்னுரிமை எண் ஆள்வது போக்கை மட்டும்தான். வரத்தை எந்தத் தடத்தில் அனுப்புவது என்று முடிவெடுப்பது எதிர்முனைக் கணினி. இங்கே மட்டும் எண்ணை மாற்றிவிட்டு வரத்து ஏன் ஒரே பக்கம் குவிகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

தம்பியின் தாளில் அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொடுத்தேன்: '5-க்கு மேல் ஒரே முன்னுரிமை எண்ணுள்ள இரண்டு தடங்களுக்கும் புதிய தொடர்புகள் முறைவைத்துப் பங்கிடப்படும். இது போக்குக்கு மட்டும். வரத்துக்கு எதிர்முனையிலும் இதே எண்ணைக் கொடுக்கவும்.' படித்துவிட்டு, இன்னொரு கோப்பு மாற்றத்தைத் தொடங்கிப் பார்த்தார். இரண்டாவது தடம் விழித்துக்கொண்டது.