முட்டி வலிக்காரர் சைக்கிள் மிதிக்கலாமா?

மாடிப்படி ஏறினால் முட்டி பிடிக்கிறது என்று படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்ட பெரியவர், சைக்கிளை எடுத்தால் செல்லூரிலிருந்து யானைக்கல் பாலம் தாண்டி கீழமாசி வீதி வரை போய் மளிகைச் சாமான் வாங்கி வந்துவிடுவார். மதுரையில் இப்படி ஆட்கள் நிறைய உண்டு. 'படி ஏற முடியாதாம், சைக்கிள் மட்டும் மிதிப்பாராம்' என்று வீட்டில் சந்தேகப்படுவதும் உண்டு. பெரியவர் நடிக்கவில்லை. முட்டிக்குள் விழுகிற பாரத்தின் கணக்கே அப்படித்தான்.

இது ஊகம் இல்லை, முட்டிக்கு உள்ளேயே வைத்து அளந்திருக்கிறார்கள். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட சிலருக்கு, பொருத்திய செயற்கை மூட்டிலேயே அழுத்தத்தை அளக்கும் கருவியும் இருந்தது. அவர்கள் நடக்க, படி ஏற, அளவு ரேடியோ அலையில் வெளியே வந்தது. சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல். இறங்கும்போது அதைவிட இன்னும் கூடுதல். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் இதே அளவீட்டைச் செய்து 2012-ல் வெளியிட்டார்கள்: மிதமாக மிதித்தால் சுமார் 1.2 மடங்குதான். 60 கிலோ எடையுள்ளவர் நடந்தால் முட்டியில் 150 கிலோ, படி இறங்கினால் 200 கிலோ, சைக்கிள் மிதித்தால் 70 கிலோ சொச்சம்.

60 கிலோ ஆளின் முட்டியில் 150 கிலோ எப்படி வந்தது? உடம்பு மடிந்து விழாமல் இருக்கத் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் மூட்டின் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பெல்லாம் மூட்டை நசுக்கும் விசையாகத்தான் போய்ச் சேரும். சைக்கிளில் உடம்பின் பெரும் பங்கை சீட் வாங்கிக்கொள்கிறது. தரையில் கால் 'டொம்' என்று இறங்குவதும் இல்லை. தசைக்கு வேலை உண்டு, மூட்டுக்கு அடி இல்லை.

அப்படியானால் முட்டிக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே? அங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை உறிஞ்சுவதுபோல, அழுத்தம் வந்து விலகும்போது பழைய நீர் வெளியேறிப் புதியது உள்ளே போகிறது. அசைக்காமல் வைத்திருந்தால் அந்தப் போக்குவரத்தே மந்தமாகிவிடும். மிதமான பாரம், திரும்பத் திரும்ப, அதிர்ச்சி இல்லாமல் வேண்டும். பெடல் சுற்றுவது அதற்குத் தோதான அசைவு.

ஆனால் ஒரு 'ஆனால்' இருக்கிறது. நம்மூரில் வயதானவர்கள் சைக்கிளில் செய்கிற முதல் காரியமே சீட்டை இறக்குவதுதான். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன வேண்டும், விழுந்துவிடக் கூடாது. பயம் நியாயமானதுதான். விளைவு என்னவென்றால், பெடல் மேலே வரும்போது முட்டி நெஞ்சை நோக்கி மடிகிறது. அவ்வளவு மடிந்த நிலையில் விசை கொடுத்தால் முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தித் தேய்கிறது. 'சைக்கிள் ஓட்டித்தான் முட்டி போச்சு' என்பவர்களின் சீட்டை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சரிபார்ப்பது சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மட்டும் தங்கும். இந்த உயரத்தில் நிற்கும்போது கால் விரல் நுனிதான் தரையில் படும். அது பழகாதவர்கள் ஒரே நாளில் ஏற்றிவிடாமல், வாரத்துக்கு ஒரு விரல்கடை உயர்த்திக்கொண்டே போகலாம். அப்படியும் பயம் போகவில்லையா, நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்பளை லேடீஸ் சைக்கிள் ஓட்டுவதா என்ற வீம்பை இந்த வயதிலாவது விட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம், மிதிக்கும் வேகம். கனமான பழைய சைக்கிள் ஒற்றை கியர் வண்டி. நிதானமாகப் போகிறவர் நிமிடத்துக்கு 45, 50 சுற்றுதான் மிதிப்பார். ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் அதிகம். அதே வேலையை 60, 70 சுற்றாகப் பிரித்துச் செய்தால் ஒரு மிதிக்கான அழுத்தம் குறைந்து, பாரம் முட்டியிலிருந்து நெஞ்சுக்கும் மூச்சுக்கும் மாறும். சைக்கிள் கடையில் பின்சக்கரத்து ஃப்ரீவீலை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, 18 பல்லிலிருந்து 20 அல்லது 22 பல்லுக்கு மாற்றச் சொன்னால் போதும். வேகம் கொஞ்சம் குறையும், மிதி இலகுவாகும்.

இதை நூறு வயதைத் தாண்டி நிரூபித்தவர் ஒருவர் உண்டு. பிரான்ஸ் நாட்டு ராபர்ட் மர்ஷான், 1911-ல் பிறந்தவர். 2012-ல் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டி, நூறு வயதைக் கடந்தவர்களுக்கான சாதனை படைத்தார். அப்புறம் வெரோனிக் பிய்யா என்ற உடலியங்கியல் ஆய்வாளர் அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தார். பெரும்பகுதி, அதாவது 80 சதவீதம், இலேசாக ஓட்டுவது. மீதி 20 சதவீதம் மூச்சு வாங்க ஓட்டுவது. கூடவே மிதிக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது. 2014-ல் அதே ஒரு மணியில் 26.9 கிலோமீட்டர். உடம்பு நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை எடைக் கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று அளப்பார்கள். முப்பது வயதுக்கு மேல் அது பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் இறங்குவது வழக்கம். மர்ஷானுக்கு 101 வயதில் 31 ஆக இருந்தது 103 வயதில் 35 ஆக ஏறியது. 109 வயது வரை இருந்தார். ஒரே ஒரு ஆளை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் 'இனிமே என்ன ஏறப்போகுது' என்று அறுபதில் கையை விரிப்பவர்களுக்கு இந்த ஒரு ஆள் போதும்.

சரி, மதுரைக்கு வருவோம். இங்கே வயதானவர்களுக்கு முட்டியைவிடப் பெரிய பிரச்சினை சர்க்கரை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சைக்கிளின் உண்மையான பெருமை இந்த இடத்தில்தான்.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கைத் தசைகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தசைச் செல்லுக்குள் குளுட்-4 என்ற புரதம் இருக்கிறது. இன்சுலின் சமிக்ஞை வந்ததும் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை, அதனால் குளுட்-4 மேலே வரத் தயங்குகிறது. ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலினைக் கேட்காமலே வேறொரு வழியில் அதே குளுட்-4 மேலே வந்துவிடும். கணையம் களைத்துப்போனவருக்கும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பவை. சைக்கிள் வேலை வாங்குவது அவற்றைத்தான். மிதித்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை தசைகள் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழகர்கோவில் வரை 21 கிலோமீட்டர் போய்விட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி மிதிப்பது நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

இரவு பத்து மணிக்கு பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கும் பழக்கத்தை விட முடியாதவர்கள், சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடக்கட்டும். ராத்திரியில் சைக்கிள் வேண்டாம். நடந்தாலே ஏறும் சர்க்கரை மட்டுப்படும். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மிதிக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். பையில் குளுக்கோஸ் பொடியோ சாதாரணச் சர்க்கரையோ இருக்கட்டும். கடலை மிட்டாய் அவசரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

வயதானால் தசை மெலிவதைக் கண்ணால் பார்க்கலாம், பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன. நரம்பு இழந்த தசை இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், மற்றவை போய்விடும். அதிகம் பறிபோவது வேக இழைகள். கால் இடறினால் சட்டென்று இன்னொரு காலை முன்னால் வைத்து விழாமல் காப்பவை அவைதான். மெதுவாக மிதிப்பதில் அந்த இழைகளுக்கு வேலையே வராது. அதனால் உடம்பு பழகியதும் நடுநடுவே இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை வேகமாக மிதிப்பது உபயோகம்.

தசைக்குப் புரதமும் வேண்டும். வயதான தசை கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். ஒரு வேளைக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் கிடைத்தால்தான் அது வளர்ச்சி வேலையைச் சரியாகத் தொடங்குகிறது. நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் அதில் பாதியைக்கூடத் தொடாது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் சொச்சம். சுண்டல், பயறு, மீன், தயிர் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கை நேர்செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

பிரிட்டனில் 55 முதல் 79 வயது வரையிலான 125 சைக்கிள்காரர்களைச் சோதித்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணிக்குள் ஓட்டக்கூடியவர்கள். பெண்களுக்கு 60 கிலோமீட்டர், ஐந்தரை மணி. நோய் எதிர்ப்புக்கான டி செல்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கிவிடும். இவர்கள் ரத்தத்திலோ புது டி செல்கள் இளைஞர்களுக்கு இணையாக இருந்தன. செய்தித்தாள்கள் 'சைக்கிள் ஓட்டினால் இளமை' என்று எழுதித் தள்ளின. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். உடம்பு நன்றாக இருந்ததால்தான் அவர்களால் அந்த வயது வரை 100 கிலோமீட்டர் ஓட்ட முடிந்தது என்றும் ஒருவர் வாதிடலாம். இரண்டிலும் உண்மை இருக்கும்.

சைக்கிளால் ஆகாதது எலும்பு. எலும்பு கெட்டிப்பட, அதன்மேல் பாரமும் அதிர்வும் விழ வேண்டும். முட்டிக்கு நல்லதாகப்போன அதே மென்மை எலும்புக்குப் போதவில்லை. போட்டிகளுக்காகவே ஆண்டுக்கணக்கில் சைக்கிள் ஓட்டும் வீரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். ஆகவே நடையை விட்டுவிடக் கூடாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும், அரைக்குடம் தண்ணீரைத் தூக்கி வைப்பதும் சேர வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது.

சமநிலை என்றால், ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். பழைய பாணியில் ஏறுகிறவர் வேட்டியை மடித்துக் கட்டி, இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தெத்தித் தெத்தித் தள்ளி, வண்டி உருள ஆரம்பித்ததும் அந்தக் காலைக் கேரியருக்கு மேலாகச் சுழற்றிப் போடுவார். அந்த ஒரு நொடி முழு உடம்பும் ஒற்றைக் காலில், அதுவும் ஓடும் வண்டியில் நிற்கிறது. கேரியரில் அரிசிப் பை இருந்தால் காலை இன்னும் உயரத் தூக்க வேண்டும். பெரியவர்கள் பலர் விழுவது ஓட்டும்போது இல்லை, இப்படி ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். நிற்க முடியாதவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது என்று 2022-ல் எழுதினார்கள். நிற்க முடியாததே சாவுக்குக் காரணம் என்று அர்த்தம் இல்லை. உள்ளே பல விஷயங்கள் தளர்ந்துவிட்டதை அது காட்டிக்கொடுக்கிறது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் ஒற்றைக் காலில் நின்று பழகலாம்.

இதுவரை 'பெரியவர்' என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். காரணம், அறுபது தாண்டிய பெண்கள் மதுரைத் தெருக்களில் சைக்கிளில் போவதைப் பார்ப்பது அபூர்வம். பக்கத்தில் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள் இன்று இந்தக் கட்டுரை பேசும் வயதில் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காதவர்களுக்கு வீட்டில் நிறுத்தி மிதிக்கும் சைக்கிள் போதும். முட்டிக் கணக்கும் சர்க்கரைக் கணக்கும் அதே. சமநிலைப் பயிற்சி மட்டும் அதில் கிடைக்காது.

கடைசியாக வெயில். தசை செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. வயதானால் வியர்ப்பதும் குறையும், தாகம் எடுப்பதும் மந்தமாகும். சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள். எவ்வளவு வேகம் என்பதற்கு நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் துடிப்பையே அடக்கிவைக்கும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு சரி. நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அதோடு இறங்கி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஆடி மாதத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நாகமலைப் பக்கம் போகிறவர்கள் போகும்போதே எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கிழக்கே ஒத்தக்கடைப் பக்கம் போகிறவர்களுக்கு இது தலைகீழ். போகும்போது பறக்கிற மாதிரி இருக்கும். அதை நம்பி ரொம்ப தூரம் போகாமல், பாதிக்கு மேல் தெம்பு இருக்கும்போதே வண்டியைத் திருப்புங்கள்.