தாலி கட்டும் நொடியை வீடியோவிலிருந்து எடுத்தால்

கெட்டிமேளம் கொட்டியதும் முன்வரிசையில் இருந்த பெரியப்பா அட்சதை போட எழுந்தார். எழுந்து நின்ற இடம் போட்டோக்காரருக்கு நேர் எதிரே. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என் சித்தப்பா மகளின் கல்யாணத்தில், தாலி கட்டும் படம் ஒவ்வொன்றிலும் பெரியப்பாவின் முதுகும் அங்கவஸ்திரமும்தான் இருந்தன. "அதனால என்ன, வீடியோவுல நிறுத்தி எடுத்துக்கலாம்" என்றார் சித்தி. வீடியோக்காரர் ஸ்டூல் போட்டு உயரத்தில் நின்றிருந்ததால் அவருக்கு மறைக்கவில்லை. டிவியில் ஓடவிட்டால் பளிச்சென்று இருந்தது. நிறுத்தினோம். மாப்பிள்ளையின் விரல்கள் புகை மாதிரி தெரிந்தன.

ஓடும்போது தெளிவாக இருந்தது, நின்றதும் ஏன் மங்கியது?

முதலில் எல்லோரும் சொல்லும் காரணத்தைப் பார்த்துவிடலாம்: பிக்சல் போதாது. ஃபுல் ஹெச்டி வீடியோவின் ஒரு ஃப்ரேம், அதாவது ஓட்டத்தில் வரும் ஒரு தனிப் படம், 1920-க்கு 1080. பெருக்கினால் சுமார் 20 லட்சம் பிக்சல், அதாவது 2 மெகாபிக்சல். இன்றைய சாதாரண ஸ்டில் கேமராவில் 24 மெகாபிக்சல் இருக்கிறது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது ஸ்டுடியோ கணக்கு. அப்படிப் பார்த்தால் ஹெச்டி ஃப்ரேம் 6.4 அங்குல அகலம் வரை தாங்கும். ஆல்பத்தை விரித்தால் 36 அங்குலம் வரும் பக்கத்துக்கு இது எந்த மூலைக்கு? ஆனால் 4க்கு 6 அளவில் போடப் பிக்சல் போதும். எங்கள் படம் அந்தச் சின்ன அளவிலும் சரியாக வரவில்லை. குற்றவாளி வேறு ஆள்.

அந்த ஆளின் பெயர் ஷட்டர், கேமராவுக்குள் ஒளி வரும் நேரத்தை அளந்து விடும் கதவு. நம் ஊர் வீடியோ பெரும்பாலும் வினாடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வினாடியில் 50-ல் ஒரு பங்கு நேரம் ஒளியை உள்ளே விடுவது வழக்கம். அந்த நேரத்துக்குள் கை நகர்ந்தால், நகர்ந்த தூரம் முழுவதும் படத்தில் பதியும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் கை அதற்குள் 2 சென்டிமீட்டர் போய்விடும். 2 மீட்டர் அகலத்தை ஒரு ஃப்ரேம் காட்டுகிறது என்றால் அது 19 பிக்சல் நீள இழுப்பு. அட்சதை இன்னும் வேகம். வினாடிக்கு 3 மீட்டரில் பறக்கும் அரிசி 6 சென்டிமீட்டர் மஞ்சள் கோடாகிவிடும். போட்டோக்காரரின் ஃப்ளாஷோ ஆயிரத்தில் ஒரு வினாடி அளவுதான் எரிகிறது. அதனால் அவர் படத்தில் அரிசி அரிசியாகவே அந்தரத்தில் நிற்கும்.

வீடியோவில் இந்த மங்கல் வேண்டுமென்றே விடப்படுகிறது என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால், ஓடும்போது அசைவு வெட்டி வெட்டித் தெரியும். லேசான இழுப்பு இருந்தால்தான் அடுத்த ஃப்ரேமோடு வழுக்கிக்கொண்டு சேரும். அடுத்தடுத்து வரும் ஃப்ரேம்களைக் கண் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்துக்கொள்வதால் இருட்டு மூலைகளில் இருக்கும் மணல் போன்ற புள்ளிகளும் அடங்கிவிடுகின்றன. நிறுத்தினால் அந்த உதவி போய்விடும். டிவியில் பார்த்த தெளிவில் பாதி நம் தலைக்குள் தயாரானது.

சரி, ஷட்டர் நேரத்தை வினாடியில் 500-ல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால்? எங்கள் வீடியோக்காரரிடம் இதைக் கேட்டேன். மேலே தொங்கிய சீரியல் லைட்டைக் காட்டினார். ஷட்டர் பத்து மடங்கு குறைந்தால் வெளிச்சமும் பத்து மடங்கு குறையும். ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றினால் படம் மணல் தூவியது போலாகும். அதைவிடப் பெரிய தலைவலி மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு அதன் போக்கில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். 50-ல் ஒரு பங்கு ஷட்டரில் சரியாக இரண்டு மினுக்கல் அடங்கும், எல்லா ஃப்ரேமும் ஒரே வெளிச்சத்தில் வரும். ஷட்டர் அதைவிட மிகச் சின்னதானால், மினுக்கலின் ஏதோ ஒரு துண்டு மட்டும் பதிந்து படத்தில் குறுக்குப் பட்டைகள் ஓடும். மண்டபத்து விளக்குக்குப் பயந்துதான் அவர் அந்த எண்ணை விட்டு நகர்வதில்லை.

அடுத்தது, ஃபைல் அளவைக் குறைக்கச் செய்யும் சுருக்கம். எங்கள் வீடியோ வினாடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் பதிவானது. ஒரு ஃப்ரேமின் பங்குக்கு ஒரு மெகாபிட், அதாவது 125 கிலோபைட். சுருக்காமல் வைத்தால் அதே ஃப்ரேமுக்கு 3 மெகாபைட் வேண்டும். 25-ல் ஒரு பங்காக எப்படி ஒடுங்கியது? முழுப் படத்தை அவ்வப்போதுதான், பெரும்பாலும் அரை வினாடிக்கு ஒருமுறை, பதிவு செய்கிறார்கள். இடையில் வருபவை "முன்னதிலிருந்து இந்தக் கை இவ்வளவு நகர்ந்தது" என்ற குறிப்புகள் மட்டுமே. பின்னால் தொங்கும் திரை அசையாததால் அது மலிவாக முடிந்துவிடும். ஆனால் கெட்டிமேளம் கொட்டும் நொடியில் நூறு பேர் எழுகிறார்கள், அட்சதை பறக்கிறது, எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகிறது. குறிப்பெழுத இடம் போதாமல் போக, படம் கட்டம் கட்டமாக உடைகிறது. எந்த நொடி நமக்கு வேண்டுமோ அந்த நொடியில்தான் தரம் தரையைத் தொடும்.

வண்ணத்திலும் சிக்கனம் உண்டு. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிகிறார்கள், நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒன்று. கண்ணுக்கு நிற நுணுக்கம் குறைவு என்பதால் ஓட்டத்தில் தெரியாது. நிறுத்தி அச்சிட்டால் அரக்குப் புடவையின் ஜரிகை ஓரத்தில் சிவப்பு கசிந்திருப்பது தெரியும்.

இது போதாதென்று மற்றவர்களின் ஃப்ளாஷ். வீடியோ கேமராவின் சென்சார் பெரும்பாலும் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. நடுவில் ஒரு ஃப்ளாஷ் அடித்தால் சில வரிசைகளுக்கு அந்த ஒளி கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. எங்கள் வீடியோவில் ஒரு ஃப்ரேமில் மாப்பிள்ளையின் நெற்றி வரை வெள்ளை வெளேர், அதற்குக் கீழே சாதாரண மண்டபம்.

இத்தனை சொன்னாலும் வீடியோவிலிருந்து நல்ல படமே வராது என்பதில்லை. 2009 ஜூன் மாத எஸ்கொயர் பத்திரிகையின் அட்டையில் வந்த நடிகை மேகன் ஃபாக்ஸ் படம், போட்டோக்காரர் கிரெக் வில்லியம்ஸ் ரெட் ஒன் வீடியோ கேமராவில் எடுத்ததிலிருந்து உருவிய ஒரு ஃப்ரேம்தான். அந்தக் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி ரா படமாக, அதாவது சென்சார் பிடித்த மூலத் தகவலாக, பதிந்தது. பக்கத்து ஃப்ரேமிடம் கடன் வாங்கவில்லை. 2014-ல் பானசோனிக் '4கே போட்டோ' என்று ஒரு வசதியையே கொண்டுவந்தது: வினாடிக்கு 30 படம், ஒவ்வொன்றும் 8 மெகாபிக்சல், ஓடும் அழகைப் பற்றிக் கவலைப்படாமல் ஷட்டரை வேகமாக வைத்துக்கொள்ளலாம். 2020-ல் வந்த கேனான் ஆர்5-ன் 8கே வீடியோவில் ஒரு ஃப்ரேமே 35 மெகாபிக்சல். பிக்சல் பஞ்சம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஷட்டரும் சீரியல் லைட்டும் அப்படியே இருக்கின்றன.

எங்களிடம் இருந்தது ஹெச்டிதான். வாட்ஸ்அப்பில் வந்ததை விட்டுவிட்டு வீடியோக்காரரிடம் மூல ஃபைலை வாங்கினோம். மூன்று முடிச்சுக்கும் சேர்த்து 20 வினாடி, 500 ஃப்ரேம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கையில் ஒன்று புரிந்தது: முடிச்சை இறுக்கும்போது கை ஒரு கணம் நிற்கிறது. நாத்தனார் மூன்றாவது முடிச்சை இழுத்து நிறுத்திய இடத்தில் நாலைந்து ஃப்ரேம் நன்றாக இருந்தன. அட்சதை மட்டும் கோடு கோடாக.

ஸ்டுடியோவில் அதை ஏஐ மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினார்கள். பெண்ணுக்குப் பின்னால் நின்ற பாட்டியின் முகம் வழவழவென்று இருபது வயது குறைந்திருந்தது. சித்திதான் முதலில் கவனித்தார். பாட்டியின் மூக்குத்தியைக் காணோம். நாலைந்து பிக்சலில் இருந்த அந்த வெள்ளைப் புள்ளியை மென்பொருள் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. பழைய மங்கலான ஃப்ரேமையே 4க்கு 6-ல் போடச் சொல்லிவிட்டு வந்தோம்.