பழைய போன் மாதிரி இருக்கும், பழைய போன் இல்லை

பிரிட்டனில் செம்புக் கம்பி லேண்ட்லைன் 2027 ஜனவரி இறுதியோடு நிறுத்தப்படுகிறது. அதன்பின் வீட்டு போன் என்பது ரௌட்டர் வழியாகப் போகும் இணைய அழைப்புதான். அம்மாவுக்குப் பழகிய தோற்றமாக இருக்கட்டுமே என்று வட்ட டயல் வைத்த ரெட்ரோ கார்ட்லெஸ் போனை வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்த டயல் சுற்றாது, வட்டமாக அடுக்கிய பொத்தான்கள் அவை. அது போகட்டும்.

அந்தக் கால போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் சுமார் 50 வோல்ட் வரும். தெருவே இருண்டாலும் டயல் டோன் கேட்கும். இந்தப் புதிய போனுக்கோ ஃபைபர் பெட்டி, ரௌட்டர், ஹேண்ட்செட்டை வைக்கும் பேஸ் மூன்றுக்கும் வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனாலும் ஹேண்ட்செட் திரை எரியும், உள்ளே பேட்டரி இருக்கிறதே! அவசர எண் 999 அழுத்தினால்தான் தெரியும், பேஸ் செத்துவிட்டது என்று. மொபைல் இல்லாதவர்கள் அவசர அழைப்புக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கும் பேக்கப்பை போன் நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம், தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காமின் விதி அது. பேக்கப் வந்ததும் ஒரு சாதாரண வயர் போனையும் ரௌட்டரில் செருகிப் பாருங்கள். அதற்கு பேஸ் கிடையாது, தனி மின்சாரம் தேட வேண்டியதில்லை.

பேஸின் வயர் சுவரிலுள்ள பழைய சாக்கெட்டில் அல்ல, ரௌட்டரின் போன் சாக்கெட்டில் போக வேண்டும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம், பிய்த்துவிடுங்கள். பேஸை ரௌட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பேட்டரி பெரும்பாலும் இரண்டு ட்ரிபிள்-ஏ, 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. முதல் சார்ஜ் 16 மணி நேரம். ரிமோட்டில் போடும் சாதாரண செல்லைப் போட்டுச் சார்ஜரில் வைத்தால் ஒழுகி, கம்பியை அரித்துவிடும்.

‘நேற்றுவரை அக்கா வீட்டுக்குப் போச்சு, இன்னிக்குப் போகலை’ என்றால் போனைக் குறை சொல்லாதீர்கள். டிஜிட்டல் லைனில் உள்ளூர் எண்ணுக்கும் ஏரியா கோடு வேண்டும். போனில் பதிந்து வைத்த எண்களை எல்லாம் 020, 0116 என்று கோடோடு திருத்துங்கள்.

தொல்லை அழைப்பைத் தடுக்கும் வசதியில், எண் மறைத்த அழைப்புகளை முழுக்க அடைக்காதீர்கள். மருத்துவமனை அழைப்புகள் பல அப்படித்தான் வரும்.

கார்ட்லெஸ் போனும் பேஸும் பேசிக்கொள்ளும் ரேடியோ முறைக்கு டெக்ட் என்று பெயர். டொரொன்டோவிலிருந்து உறவினர் கொண்டுவரும் வட அமெரிக்க ‘டெக்ட் 6.0’ போன் இங்கே வேண்டாம். அது பேசுவது 1920–1930 மெகாஹெர்ட்ஸில், இங்கே அது மொபைல் நெட்வொர்க்கின் இடம். ஐரோப்பிய டெக்ட் 1880–1900. அந்த ஊர் போனை இங்கே பயன்படுத்துவது சட்டவிரோதம். போதாக்குறைக்கு, கூப்பிடுகிறவர் எண்ணும் பெரும்பாலும் திரையில் வராது.