முதியவரின் வங்கிக் கணக்கு: ஏடிஎம் கார்டைக் கைமாற்றாமல் பணம் எடுக்க என்ன வழி?

பென்ஷன் வந்ததும் கார்டையும் பின் நம்பரையும் பேரனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்தனுப்புவது பல வீடுகளில் வழக்கம். ஐயாயிரம் கேட்டால் எட்டாயிரம் எடுப்பது அங்கேதான் ஆரம்பிக்கும். பின் நம்பரைத் தாமே சொல்லியிருந்தால், வங்கியில் புகார் செய்யும்வரை போன பணம் கணக்குதாரரின் நஷ்டம் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. புகாருக்குப் பிறகு போனால் அது வங்கியின் பொறுப்பு. அதனால் சந்தேகம் வந்த அன்றே கார்டை முடக்கச் சொல்லுங்கள்.

கார்டே இல்லாமல் பணம் எடுக்க விதி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். கையெழுத்துப் போட முடியாதவர் காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ கைநாட்டு வைக்கலாம். கை வராவிட்டால் கால் பெருவிரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை உறுதிசெய்ய வேண்டும், ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. ரேகையும் வைக்க முடியாமல் படுத்திருப்பவர் ஒரு குறி இட்டால் போதும், சாட்சிகள் அதே மாதிரி. பணத்தை யார் வாங்கப்போகிறார் என்று வங்கி அவரிடமே கேட்கும். வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். பேரன் எவ்வளவு வாங்கினான் என்பது இப்படித்தான் காகிதத்தில் பதிவாகிறது.

70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரவும், ஆயுள் சான்று வாங்கவும் 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும்.

கூட்டுக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று போட்டால் மகன் மொத்தப் பணத்தையும் தனியாக எடுக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். நாமினிக்குக் கணக்குதாரரின் காலத்துக்குப் பிறகுதான் பணம் போகும். உயிரோடு இருக்கையில் கணக்கைத் தொட நாமினிக்கு உரிமையில்லை.

பவர் பத்திரத்தை நம்பி இருப்பவர்களுக்கு ஒன்று: மறதி நோய் முற்றி, எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியோடு முடிவெடுக்க முடியாமல் போனால் அந்தப் பவர் செல்லாது.

கணக்கில் பதிவான செல்போன் எண் யாருடையது என்றும் பாருங்கள். மகன் எண்ணாக இருந்தால், பணம் எடுத்த எஸ்எம்எஸ் எடுத்தவருக்கே போகும். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு எடுக்கும் உச்சவரம்பையும் குறைத்துக்கொள்ளலாம்.

புகாரை எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.